சிறுநீர் நாளக் கல்லும் அகநோக்கியும்: ஒப்பீட்டு முடிவுகள் மாறிய வரலாறு (1912–2021)

ஆய்வுச்சுருக்கம்

வயதுவந்தோரின் சிறுநீர் நாளத்தில் சிக்கிய கல்லை அகற்ற அகநோக்கிகள் மூன்று வழிகளில் பயன்படுகின்றன. சிறுநீர்ப்பை வழியாகக் கீழிருந்து மேலே செல்வது முதல் வழி. முதுகுப்புறத் தோலில் துளையிட்டுச் சிறுநீரகம் வழியாக மேலிருந்து கீழே இறங்குவது இரண்டாவது. லேப்ராஸ்கோப்பி கொண்டு வெளியிலிருந்து நாளத்தை அணுகுவது மூன்றாவது. இவற்றுடன் உடலுக்குள் கருவி நுழையாத அதிர்வலைக் கல்லுடைப்பும் 1980 முதல் போட்டியில் உள்ளது. இம்முறைகளுள் எது சிறந்தது என்னும் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. அவ்விடைகள் மாறியமைக்கு நோயின் மாற்றம் காரணமன்று. கருவியின் விட்டம், கல்லுடைக்கும் ஆற்றல், வெற்றியை அளக்கும் அளவுகோல் ஆகிய மூன்றின் மாற்றமே காரணம் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுநீர் நாளம், கல்லடைப்பு, அகநோக்கி, அதிர்வலைக் கல்லுடைப்பு, லேப்ராஸ்கோப்பி, சமவாய்ப்பு ஆய்வு, மருத்துவ வரலாறு.

1. முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. ஒருவர் ஒரு கருவியைக் கண்டார், மற்றொருவர் அதை மேம்படுத்தினார், நோயாளர் நலம் பெற்றனர் என்பது அவ்வரிசையின் பொது வடிவம். இரு சிகிச்சை முறைகளை ஒப்பிட்டு, இது மேலானது என்று மருத்துவ உலகம் முடிவு செய்த வரலாறு அந்த அளவிற்கு எழுதப்படவில்லை. மருத்துவமனைக்கு வரும் நோயாளர் எந்தச் சிகிச்சையைப் பெறுவார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒப்பீட்டு முடிவே. ஆகவே அதன் வரலாறும் ஆராயத்தக்கது.

சிறுநீர் நாளக் கல் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். நோய் பழையது, கல்லின் வேதியியல் இயல்பும் நாளத்தின் அமைப்பும் நூறாண்டுகளில் மாறவில்லை. சிகிச்சை மட்டும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் முற்றிலும் மாறிவிட்டது. ஆதலால் ஒப்பீட்டு முடிவு மாறும்போது எது அதை மாற்றியது என்பதைப் பிரித்தறிய இங்கு வாய்ப்புண்டு.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய் இக்கட்டுரையில் 'சிறுநீர் நாளம்' அல்லது 'நாளம்' எனவும், சிறுநீர்ப்பையிலிருந்து உடலுக்கு வெளியே செல்லும் பாதை 'சிறுநீர்ப் புறவழி' எனவும் குறிக்கப்படுகின்றன. மருத்துவமனைகளில் யூரிட்டரோஸ்கோப்பி என வழங்கும் முறை இங்கு 'நாள அகநோக்கல்' எனப்படுகிறது.

2. நாளத்தின் அமைப்பும் சிக்கலின் தன்மையும்

வயதுவந்தோரின் சிறுநீர் நாளம் ஏறத்தாழ 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் உள்விட்டம் சில மில்லிமீட்டர் மட்டுமே. சிறுநீரகத்தை விட்டு அது வெளிப்படும் இடம், இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பைச் சுவரை ஊடுருவும் இடம் ஆகிய மூன்றிலும் அது மேலும் குறுகுகிறது. கல் பெரும்பாலும் இம்மூன்று இடங்களில் ஒன்றில் சிக்குகிறது.

சிறிய கற்கள் தாமாகவே வெளியேறுகின்றன. 2007ஆம் ஆண்டின் ஐரோப்பிய, அமெரிக்கச் சிறுநீரியல் சங்கங்களின் கூட்டு வழிகாட்டுதல், 5 மில்லிமீட்டர் வரையிலான கற்களுள் 68 விழுக்காடும், 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலானவற்றுள் 47 விழுக்காடும் தாமே வெளியேறும் என மதிப்பிட்டது. வெளியேறாதவையே சிகிச்சைக்குரியன. அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் செயலிழக்கும். அடைப்பிற்கு மேலே தொற்று ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும். மறுபுறம், மெல்லிய சுவருடைய நாளத்துள் செல்லும் எந்தக் கருவியும் அதைத் துளைக்கலாம். பின்னர் வடுவால் அது சுருங்கலாம். மிக அரிதாக நாளமே பிய்ந்து வரவும் கூடும். கல்லை விட்டுவைப்பதன் கேடும் அதை எடுக்க முனைவதன் கேடும் எதிரெதிராக நிற்கின்றன. எல்லா ஒப்பீடுகளும் இவ்விரண்டிற்கும் இடையிலான நிறுவை என்றே கொள்ளத்தக்கவை.

3. அகநோக்கிக்கு முந்தைய நிலை

உடலின் உட்பகுதியைப் பார்க்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாகிவிட்டது. பிராங்க்ஃபர்ட் மருத்துவர் பிலிப் பொட்சினி 1806இல் மெழுகுவர்த்தி ஒளியால் இயங்கும் கருவியை அமைத்தார். பாரிசில் டெசோர்மோ 1853இல் ஆல்ககாலும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்கைப் பயன்படுத்தினார். 1877இல் மாக்ஸ் நிட்ஸ ஒளி மூலத்தையே கருவியின் முனைக்குக் கொண்டுசென்று, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காணும் அகநோக்கியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செய்து காட்டினார். இதனால் சிறுநீர்ப்பை மருத்துவரின் பார்வைக்குள் வந்தது; நாளத்தின் வாய்த்துளையும் தெரிந்தது. அத்துளைக்கு அப்பால் இருள்தான்.

எனவே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாளக் கல்லுக்கு இரு வழிகளே இருந்தன. ஒன்று, உடலைத் திறந்து நாளத்தை வெட்டிக் கல்லை எடுப்பது. இது உறுதியான வழி; ஆயினும் பெரிய வெட்டுக்காயத்தையும் நீண்ட ஓய்வையும் வேண்டியது. மற்றொன்று, கம்பியாலான சிறு கூடையை நாளத்துள் செலுத்திக் கல்லைப் பிடித்து இழுப்பது. இத்தாலியின் டோர்மியா 1950களின் இறுதியில் வடிவமைத்த கூடை பரவலாகப் பயன்பட்டது. கூடை கல்லைப் பற்றியுள்ளதா, நாளச் சுவரையும் சேர்த்துப் பற்றியுள்ளதா என்பதை மருத்துவர் நேரே காண வழியில்லை. எக்ஸ்கதிர்ப் படமும் கைப்பழக்கமுமே துணை. கீழ் நாளத்தின் சிறு கற்களுக்கு மட்டுமே இம்முறை பொருந்தியது. இக்காலத்தில் ஒப்பீடு என்பது பாதுகாப்பற்ற சிறு முறைக்கும் உறுதியான பெரு முறைக்கும் இடையிலான தேர்வாகவே இருந்தது.

4. முதல் நுழைவு: 1912

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த ஹ்யூ ஹாம்ப்டன் யங் 1912இல் ஒரு குழந்தையின் நாளத்துள் சிறுநீர்ப்பை அகநோக்கியைச் செலுத்திச் சிறுநீரகம் வரை கண்டார். சிறுநீர்ப் புறவழியில் பிறவியிலேயே இருந்த தடையால் அக்குழந்தையின் நாளங்கள் மிகவும் விரிந்திருந்தன. இந்நிகழ்வு 1929இல்தான் அச்சில் வெளிவந்தது.

நாள அகநோக்கலின் வரலாறு வழக்கமாக இந்நிகழ்விலிருந்தே தொடங்கப்படுகிறது. ஆயினும் இதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. நாளம் நோயால் விரிந்திருந்தமையாலேயே கருவி உள்ளே சென்றது. இயல்பான நாளத்திற்கு அக்கருவி பொருந்தாது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக இம்முயற்சி தொடராமைக்கு ஆர்வக் குறைவைக் காரணமாகக் கூற இயலாது. விட்டமே தடையாக நின்றது. விறைப்பான குழாயினுள் வரிசையாக வைக்கப்பட்ட சிறு வில்லைகளின் வழியே படம் வரவேண்டிய நிலையில், குழாயை மெல்லியதாக்கினால் படம் மங்கியது.

5. கண்ணாடி தந்த விடுதலை

இத்தடையை நீக்கியவர் அறுவை மருத்துவர் அல்லர், இயற்பியலாளர். லண்டனைச் சேர்ந்த ஹெரால்ட் ஹாப்கின்ஸ் இருவகையில் இதற்குத் தீர்வு கண்டார். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியுடன் இணைந்து, கண்ணாடி இழைக்கற்றையின் வழியே படத்தைக் கடத்தலாம் என 1954இல் 'நேச்சர்' இதழில் காட்டினார். பின்னர், வில்லைகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் கண்ணாடித் தண்டுகளை வைக்கும் அமைப்பை உருவாக்கினார். இழைக்கற்றையிலிருந்து வளையும் அகநோக்கி பிறந்தது. கண்ணாடித் தண்டிலிருந்து மெல்லிய, தெளிவான விறைப்பு அகநோக்கி பிறந்தது. பின்னாளில் நாள அகநோக்கலில் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்ட இரு கருவிகளும் ஒரே அறிஞரின் ஆய்விலிருந்து கிளைத்தவை என்பது இவ்வரலாற்றின் சுவையான கூறு.

முதலில் நாளத்துள் சென்றது வளையும் வகையே. விக்டர் மார்ஷல் 1964இல் 3 மில்லிமீட்டர் தடிமனுடைய இழைக்கருவியால் நாளக் கல்லைக் கண்ட செய்தியை வெளியிட்டார். ஜப்பானில் தக்காகி, ஆசோ முதலியோர் 1960களின் இறுதியிலிருந்து இக்கருவியை மேம்படுத்தினர். இவை பார்க்க மட்டுமே உதவின. கல்லைப் பற்றவோ உடைக்கவோ துணைக்கருவி செல்லும் வழி அவற்றில் இல்லை. நீர் பாய்ச்சிப் பார்வையைத் தெளிவாக்குவதும் கடினமாயிற்று. ஆகவே கல்லைக் காண முடிந்த பின்னரும் அதை எடுக்கத் திறந்த அறுவையே தேவைப்பட்டது. பார்வை மட்டும் சிகிச்சை முறை ஒன்றை மாற்றிவிடுவதில்லை என்பதற்கு இக்காலம் சான்றாகும்.

6. கீழிருந்து மேலே: விறைப்புக் கருவியின் எழுச்சி

1977இல் குட்மன், சிறுவர்க்கான சிறுநீர்ப்பை அகநோக்கியை வயதுவந்தோரின் கீழ் நாளத்துள் செலுத்தலாம் எனக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் சிகாகோவில் எட்வர்ட் லயனும் உடன்பணியாற்றியோரும் நாள வாயைப் படிப்படியாக விரித்து, முதலில் பெண்களிடமும் பின்னர் ஆண்களிடமும் இதனைச் செய்தனர். நாள வாயை விரிக்கலாம், அது பெரும்பாலும் தீங்கின்றி ஆறும் என்னும் அறிவே இங்குத் திருப்புமுனை. இதனையடுத்து நாளத்திற்கெனவே கருவிகள் செய்யப்பட்டன. ஸ்பெயினின் பெரெஸ்-காஸ்ட்ரோ 1980இல் சிறுநீரகம் வரை எட்டும் நீண்ட விறைப்பு அகநோக்கியை அறிமுகப்படுத்தினார். 1981இல் சக்தி தாஸ், கல்லை நேரே பார்த்தபடியே கூடையால் எடுத்த செய்தியை வெளியிட்டார். முந்தைய தலைமுறையின் குருட்டுக் கூடைக்கு இவ்வாறு கண் கிடைத்தது.

தொடக்கக் காலக் கருவிகளின் தடிமன் 13 பிரெஞ்சு அளவை எட்டியது. மூன்று பிரெஞ்சு அளவு ஒரு மில்லிமீட்டருக்குச் சமம். ஆகவே அது 4 மில்லிமீட்டருக்கும் மேல். 1980களின் இறுதியில், உலோகக் குழாயினுள் கண்ணாடி இழைக்கற்றையை வைத்த அரைவிறைப்புக் கருவிகள் வந்தன. அவற்றின் தடிமன் 7 பிரெஞ்சு அளவிற்கு அருகில், அதாவது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர். தடிமன் பாதியானதும் பல நோயாளரிடம் நாள வாயை விரிக்கும் தேவையே இல்லாது போயிற்று, காயங்களும் குறைந்தன. 1983இல் வெளியான முடிவையும் 1993இல் வெளியான முடிவையும் 'நாள அகநோக்கல்' என்னும் ஒரே பெயரில் சேர்த்துக் கணக்கிடுவது, பெயரால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் உள்ள இரண்டைக் கூட்டுவதாகும்.

7. கல்லை உடைக்கும் ஆற்றல்

கருவியின் விட்டம் குறைந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. மெல்லிய வழியினூடே பெரிய கல்லை முழுதாக இழுக்க இயலாது. உள்ளேயே உடைத்தாக வேண்டும். 1983இல் ஹஃப்மன், பாக்லி, லயன் ஆகியோர் கேளா ஒலியதிர்வால் பெரிய கற்களை உடைத்தனர். அதற்கு விறைப்பான கருவி தேவை. நீரினுள் மின்பொறி எழுப்பி உடைக்கும் முறை மெல்லிய கம்பியால் இயன்றது. ஆனால் அருகிலுள்ள நாளச் சுவரையும் தாக்கும் இடர் உடையது. 1980களின் இறுதியில் சாயத் துடிப்பு லேசர் வந்தது. நாளச் சுவருக்குப் பாதுகாப்பானதாயினும் கடினமான கற்களிடம் அது தோற்றது. 1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் உருவான காற்றழுத்தச் சுத்தி எல்லா வகைக் கற்களையும் குறைந்த செலவில் உடைத்தது. ஆனால் கல்லை மேல்நோக்கித் தள்ளியது. விறைப்பான கோல் ஆதலால் வளையும் கருவியில் அது பயன்படவில்லை.

1990களின் நடுப்பகுதியில் பரவிய ஹோல்மியம் லேசர் இவ்விரு குறைகளையும் பெருமளவு நீக்கியது. ஏறத்தாழ 2100 நானோமீட்டர் அலைநீளமுடைய அதன் ஆற்றலை நீர் விரைவில் உறிஞ்சிவிடுவதால் தாக்கம் நுனிக்கு அருகிலேயே அடங்குகிறது. எவ்வகைக் கல்லும் அதற்குத் தப்பாது. வளையும் மெல்லிய இழை வழியே செல்வதால் வளையும் அகநோக்கிக்கும் அது பொருந்தியது. மார்ஷலின் காலத்தில் பார்வையோடு நின்ற வளையும் கருவி, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் முழுமையான சிகிச்சைக் கருவியாயிற்று. மேல் நாளக் கற்களில் கீழ்வழி முறையின் நிலை உயர்ந்தமைக்கு இச்சேர்க்கையே முதன்மைக் காரணம் எனலாம்.

8. மேலிருந்து கீழேயும் வெளியிலிருந்தும்

ஸ்டாக்ஹோமின் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் ஆகியோர் 1976இல் முதுகுப்புறத் தோலில் இட்ட துளை வழியே சிறுநீரகக் கல்லை எடுத்தனர். அதே வழியில் அகநோக்கியைக் கீழ்நோக்கிச் செலுத்தினால் மேல் நாளத்தின் பெரிய கல்லையும் அடையலாம். அடைப்பிற்கு மேலே நாளம் விரிந்திருக்கும். ஆகவே கருவிக்கு இடமுண்டு. 1912இல் தற்செயலாக வாய்த்த விரிவு இங்கு முறையாகவே பயன்கொள்ளப்பட்டது. கல் சிறுநீரகத்துள் பின்வாங்கினாலும் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கும். சிறுநீரகத்தைத் துளைப்பதால் வரக்கூடிய இரத்தப்போக்கே இதன் விலை.

வெளியிலிருந்து அணுகும் வழியில் 1979இல் லண்டனின் ஜான் விக்கம், வயிற்றறைக்குள் நுழையாமல், அதன் பின்புறத்தே அகநோக்கி செலுத்தி நாளக் கல்லை எடுத்தார். குறைந்த ஊடுருவலுடைய அறுவை என்னும் கருத்தை 1980களில் பரப்பியவரும் இவரே. இயல்பான குழிவு இல்லாத அப்பகுதியில் கருவிக்கு இடமும் பார்வையும் போதாமையால் அம்முறை அப்போது வேரூன்றவில்லை. 1992இல் ரபாய் குழுவினர் வயிற்றறை வழியே இதனைச் செய்தனர். அதே ஆண்டு மும்பையின் துர்கா கௌர், பின்புறப் பகுதியில் இடத்தை உருவாக்க எளிய உத்தியொன்றை வெளியிட்டார். அறுவைக் கையுறையை ரப்பர்க் குழாயில் கட்டி, இரத்த அழுத்தமானியின் காற்றுப் பந்தால் ஊதி, திசுக்களை விலக்கிக் குழிவை ஆக்குவதே அது. எல்லா அறுவை அரங்குகளிலும் கிடைக்கும் பொருள்களால் ஆன இக்கருவி, பின்புற லேப்ராஸ்கோப்பியை உலகெங்கும் இயலச் செய்தது. விலையுயர்ந்த ஒளியியல் ஒரு வழியைத் திறந்தது போலவே மலிவான ரப்பரும் ஒரு வழியைத் திறந்தது. ஒப்பீட்டு வரலாறு செல்வ நாடுகளின் கருவிக்கூடங்களில் மட்டும் நிகழவில்லை என்பதற்கு இது சான்று.

9. அதிர்வலையின் வரவு

1980 பிப்ரவரி 7ஆம் நாள் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசியும் உடன்பணியாற்றியோரும் உடலுக்கு வெளியே எழுப்பிய அதிர்வலையால் முதல் நோயாளரின் சிறுநீரகக் கல்லை உடைத்தனர். டோர்னியர் என்னும் வானூர்தி நிறுவனத்தின் ஆய்விலிருந்து உருவான இக்கருவியின் எச்எம்3 வடிவம் 1980களின் நடுவில் பல நாடுகளுக்குப் பரவியது. நோயாளரை நீர்த்தொட்டியில் இருத்தி மயக்க மருந்துடன் செய்யப்பட்ட இச்சிகிச்சை நாளக் கற்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இதன் வரவால் ஒப்பீட்டின் தளமே மாறிற்று. அதுவரை அகநோக்கி, திறந்த அறுவையோடு ஒப்பிடப்பட்டு 'சிறிய' முறையாக இருந்தது. இப்போது எதுவும் உள்ளே நுழையாத முறையோடு ஒப்பிடப்பட்டபோது அதுவே 'பெரிய' முறையாயிற்று. ஒரு சிகிச்சை குறைந்த ஊடுருவலுடையதா என்பது அதனுள்ளேயே பொதிந்த பண்பன்று. எதனோடு வைத்துப் பார்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

10. ஒரே கேள்வி, இரு விடைகள்: 1999, 2001

கீழ் நாளக் கல்லுக்கு அதிர்வலை நல்லதா, நாள அகநோக்கல் நல்லதா என்னும் கேள்வியைச் சமவாய்ப்பு முறையில் ஆராய்ந்த இரு ஆய்வுகள் இரண்டாண்டு இடைவெளியில் வெளிவந்தன. 1999இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் பெஷல் குழுவினர் 80 நோயாளரை ஆராய்ந்து, அகநோக்கலே முதல் தேர்வாதல் வேண்டும் என முடித்தனர். 2001இல் அமெரிக்காவில் பேர்ல் குழுவினர் 15 மில்லிமீட்டர் வரையிலான கற்களையுடைய 64 நோயாளரை ஆராய்ந்தனர். படமெடுத்துத் தொடர்ந்து பார்க்கப்பட்டோர் அனைவரும் இரு குழுக்களிலும் கல்லற்றோராயினர். அதிர்வலைக்கு நேரமும் தொல்லையும் குறைவு என்பதால் அதையே அவர்கள் பரிந்துரைத்தனர்.

இரு ஆய்வுகளும் நேர்மையானவை. ஒரே முறையியலைக் கொண்டவை. முடிவுகளோ எதிரெதிரானவை. முரண்பாட்டின் திறவுகோல் கருவியின் பெயரில் உள்ளது. பேர்ல் குழுவினர் பயன்படுத்தியது பழைய, ஆற்றல்மிக்க எச்எம்3. இன்ஸ்புரூக்கில் பயன்பட்டது பிந்தைய தலைமுறையைச் சேர்ந்த எம்எஃப்எல் 5000. பிந்தைய அதிர்வலைக் கருவிகள் கையாளுவதற்கு எளிமையையும் வலிக் குறைவையும் நோக்கி வளர்ந்தன. கல்லுடைக்கும் திறனில் எச்எம்3ஐ அவை விஞ்சவில்லை என்பது துறையினர் பலரும் ஏற்ற கருத்து. அகநோக்கியோ அதே காலத்தில் மெலிந்தும் ஆற்றல் பெற்றும் வளர்ந்தது. ஆகவே இவ்விரு ஆய்வுகளும் 'அதிர்வலை', 'அகநோக்கல்' என்னும் இரு கருத்துருக்களை ஒப்பிட்டவை அல்ல. குறிப்பிட்ட இரண்டு பொறிகளைக் குறிப்பிட்ட கைகளில் ஒப்பிட்டவை. முடிவைப் பொதுமைப்படுத்தியபோது பொறியின் பெயர் உதிர்ந்துபோயிற்று.

11. தொகுப்பும் அதன் எல்லையும்: 2007

2007ஆம் ஆண்டின் கூட்டு வழிகாட்டுதல் அதுவரை வெளியான முடிவுகளைத் தொகுத்தது. கல்லற்ற நிலையை அடைந்தோரின் விழுக்காடு கீழ் நாளத்தில் அதிர்வலைக்கு 74, அகநோக்கலுக்கு 94. நடு நாளத்தில் முறையே 73, 86. மேல் நாளத்தில் 82, 81 என அது மதிப்பிட்டது. மேல் நாளத்தில் சமநிலை போலத் தோன்றும் இவ்வெண்களைக் கல்லின் அளவால் பிரித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. 10 மில்லிமீட்டர் வரையிலான கற்களில் அதிர்வலை 90, அகநோக்கல் 80. அதற்கு மேற்பட்டவற்றில் அதிர்வலை 68, அகநோக்கல் 79. அதிர்வலையின் வெற்றி கல் பெரிதாகுந்தோறும் சரிகிறது. அகநோக்கலின் வெற்றி ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. சராசரி இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இத்தொகுப்பின் பயன் பெரிது, எல்லையும் உண்டு. அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பல ஆண்டுகளில், பல தலைமுறைக் கருவிகளால் நிகழ்ந்தவை. ஆறாம் பகுதியில் சுட்டிய 'ஒரே பெயர், வேறு பொருள்' என்னும் சிக்கல் இங்கும் உள்ளது. வழிகாட்டுதல் வெளிவரும் நாளில் அதன் எண்கள் ஏற்கெனவே கடந்த காலத்தைச் சேர்ந்தவை ஆகிவிடுகின்றன.

12. பெருங்கல்லும் மூவழி ஒப்பீடும்: 2008

மேல் நாளத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களுக்கு மூன்று அகநோக்கி வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வை ஈரானின் பசீரி குழுவினர் 2008இல் வெளியிட்டனர். 150 நோயாளர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் கல்லற்றோர் கீழ்வழியில் 56 விழுக்காடு, மேல்வழியில் 64, லேப்ராஸ்கோப்பியில் 88. மூன்று வாரங்களுக்குப் பின்னர் அவ்வெண்கள் முறையே 76, 86, 90.

இங்கு அளக்கும் நாளே முடிவின் தோற்றத்தை மாற்றுகிறது. வெளியேறும் நாளில் முதலிடத்திற்கும் கடையிடத்திற்கும் இடைவெளி 32 புள்ளிகள். மூன்று வாரங்களில் அது 14ஆகக் குறைகிறது. லேப்ராஸ்கோப்பியில் கல் முழுதாக எடுக்கப்படுவதால் முடிவு அன்றே தெரிகிறது. ஏனைய இரண்டிலும் கல் உடைக்கப்படுவதால் துண்டுகள் வெளியேறக் காலம் தேவை. கீழிருந்து உடைக்கும்போது துண்டுகள் சிறுநீரகத்துள் பின்வாங்குவதும் அறியப்பட்ட இடையூறு. விரைவில் முழு விடுதலை வேண்டுமெனில் ஒரு விடை; தோலில் வெட்டே வேண்டாமெனில் மற்றொரு விடை. எண்கள் இரண்டிற்கும் இடந்தருகின்றன.

பின்னாளில் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கமும் அகநோக்கிச் சிறுநீரியல் கழகமும் இணைந்து 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரே அமர்வில் கல்லற்ற நிலையை அடைய நாள அகநோக்கலும் சிக்கல்கள் குறைய அதிர்வலையும் மேலானவை எனப் பிரித்துக் கூறியது. மேல்வழியும் லேப்ராஸ்கோப்பியும் ஏனையவை பயன்தராத நிலைகளுக்கு ஒதுக்கப்பட்டன. எதற்கு எது மேல் என்று பிரித்துச் சொன்னமை அவ்வழிகாட்டுதலின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

13. அளவுகோல் மாறிய ஆய்வு: 2021

பிரிட்டனின் பொதுச் சுகாதாரப் பணியைச் சேர்ந்த 25 மருத்துவமனைகளில் 613 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த 'டிஸ்யூ' ஆய்வின் முடிவு 2021இல் அச்சேறியது. இதன் முதன்மை அளவுகோல் கல்லற்ற நிலை அன்று. ஆறு மாதங்களுக்குள் மேலும் சிகிச்சை தேவைப்பட்டதா என்பதே. அதிர்வலைக் குழுவில் 22.1 விழுக்காட்டினருக்கும் அகநோக்கல் குழுவில் 10.3 விழுக்காட்டினருக்கும் அவ்வாறு தேவைப்பட்டது. வேறுபாடு 20 புள்ளிகளுக்குள் இருந்தால் அதிர்வலையைத் தாழ்வற்றதாகக் கொள்வது என ஆய்வாளர் முன்னரே வகுத்திருந்தனர். அதன்படி அதிர்வலை தாழ்வற்றதெனவும் செலவில் சிக்கனமானதெனவும் முடிவு செய்தனர்.

இவ்வெண்களையே வேறு விதமாகவும் வாசிக்கலாம். அதிர்வலை பெற்றோருக்கு மறுசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு இருமடங்கு என்று ஒருவர் கூறலாம். அவர்களுள் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் அகநோக்கியே நுழையாமல் தப்பினர் என்று மற்றொருவர் கூறலாம். இரண்டும் மெய்யே. 20 புள்ளி என்னும் எல்லை இயற்கையில் இல்லை. மறுசிகிச்சையின் தொல்லைக்கும் முதல் அறுவையின் தொல்லைக்கும் எவ்வளவு எடை தருவது என்னும் மதிப்பீட்டிலிருந்து வந்தது. நூறாண்டு வளர்ச்சிக்குப் பின்னரும் ஒப்பீட்டின் நடுவே ஒரு மனித மதிப்பீடு அமர்ந்திருப்பதை இந்த ஆய்வு வெளிப்படையாகக் காட்டியது.

14. வரலாறு உணர்த்துவன

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, ஒப்பீட்டு முடிவுக்குத் தேதி உண்டு. 13 பிரெஞ்சு அளவுக் கருவியின் காயக் கணக்கைக் கொண்டு 7 பிரெஞ்சு அளவுக் கருவியை மதிப்பிட இயலாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வளையும் அகநோக்கிகள் 2010களின் நடுப்பகுதியில் பரவத் தொடங்கின. ஏறத்தாழ 1940 நானோமீட்டர் அலைநீளமுடைய தூலியம் இழை லேசரும் அதன்பின் புழக்கத்திற்கு வந்தது. பழைய முடிவுகள் இவற்றிற்கு அப்படியே பொருந்தா.

இரண்டாவது, ஒப்பீட்டு முடிவுக்கு இடமும் உண்டு. வளையும் அகநோக்கி விலையுயர்ந்தது, எளிதில் பழுதாவது. அதைத் தொடர்ந்து பேண முடியாத மருத்துவமனையில் காற்றழுத்தச் சுத்தியோடு கூடிய அரைவிறைப்புக் கருவியே நம்பத்தகுந்த தேர்வாகலாம். பெரிய கல்லாயின், பயிற்சி பெற்ற கையுள்ள இடத்தில் லேப்ராஸ்கோப்பி முந்தலாம். கௌரின் ரப்பர்ப் பந்து இவ்வுண்மையின் வரலாற்று வடிவம்.

மூன்றாவது, 'வெற்றி' என்னும் சொல் நிலையானதன்று. திறந்த அறுவைக் காலத்தில் அது கல்லை எடுத்து நோயாளரை உயிருடன் அனுப்புவது. 1990களில் கல்லற்ற நிலை. 2021இல் மறுசிகிச்சை தேவைப்படாமை. சிகிச்சைக்குப் பின் நாளத்தில் வைக்கப்படும் ஸ்டென்ட் தரும் எரிச்சலையும் வலியையும் நோயாளர் நெடுங்காலமாகக் கூறிவந்தனர். முற்கால ஒப்பீட்டு அட்டவணைகளில் அதற்குத் தனிக்கட்டம் இல்லை. எதை அளக்கிறோம் என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதும் ஒப்பீட்டின் ஒரு பகுதியே.

முடிவுரை

யங் கண்ட விரிந்த நாளம் முதல் 2021இன் மறுசிகிச்சைக் கணக்கு வரையிலான வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. நாளக் கல்லை அகற்றும் அகநோக்கி முறைகளுள் எது சிறந்தது என்னும் கேள்வி, எந்தக் கருவியால், நாளத்தின் எப்பகுதியில், எவ்வளவு பெரிய கல்லுக்கு, எந்த நாளில் அளந்து, யாருடைய தொல்லையைக் கணக்கிலெடுத்து என்னும் துணைக்கேள்விகள் இன்றி முழுமை பெறுவதில்லை. அத்துணைக்கேள்விகள் விடுபட்ட இடத்தில் ஒரு காலத்தின் முடிவு எல்லாக் காலத்திற்குமான விதியாக உருமாறி, நோயாளரிடம் பரிந்துரையாகச் சேர்கிறது.

மருத்துவ அறிவைத் தமிழில் எழுதுவோர்க்கு இதனால் ஒரு பொறுப்பு எழுகிறது. ஓர் ஆய்வின் விழுக்காட்டைத் தமிழில் தரும்போது அதன் ஆண்டையும் கருவியையும் கல்லின் அளவையும் உடன் தருதல் வேண்டும். அவை இல்லாத எண் பார்வைக்குத் துல்லியமாகத் தோன்றினும் பொருளிழந்ததாகிவிடும். மருத்துவ ஒப்பீடுகளை அவற்றின் வரலாற்றோடு சேர்த்து எழுதும் ஆய்வுகள் பிற நோய்கள் குறித்தும் தமிழில் விரிவாக நிகழ்தல் வேண்டும்.